தடைக்கால வெயிலும் 31 டிகிரியும்: ரசாயனத்தைக் கணினியில் வடிவமைக்கும்போது ஆபத்தை எப்படி அளக்கிறார்கள்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கே போனாலும் படகுப் பழுது வேலை நடப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். மரப் படகுக்கு மேலே ஃபைபர் போர்த்துவது, விரிசல் விட்ட வள்ளத்துக்கு ஒட்டுப் போடுவது, அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது எல்லாம் சித்திரை, வைகாசி வெயிலில் நடக்கும். நாள்காட்டியில் எளிதாகக் கடந்துபோகும் செய்திதான். ஒரு ரசாயனம் ஆபத்தானதா இல்லையா என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு மட்டும் இதில் பெரிய விஷயம் இருக்கிறது.

தங்கச்சிமடம் பக்கம் ஒரு கொட்டகை. பாதி தென்னங்கீற்று, பாதி தகரம். வள்ளத்தின் உள்ளே அணியத்துப் பக்கம் குனிந்து உட்கார்ந்து ஒரு அண்ணன் வேலை செய்துகொண்டிருந்தார். கண்ணாடி இழை விரிப்பை வெட்டிப் பரப்பி, அதன் மேல் ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைக்கிறார். ரெசினில் முதலில் கோபால்ட் கலந்து நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் அதைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் சேர்க்கிறார். அளவு எல்லாம் மூடிக் கணக்கு. அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துச் சீறும் என்பது அவருக்கு யாரும் புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தது இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் சொல்லித் தெரியும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் அசிட்டோன், பிரஷ் கழுவ. கையுறை கிடையாது. கைலியில் துடைத்துக்கொள்கிறார்.

"வாடை தலைய வலிக்கலையாண்ணே?" என்று கேட்டேன்.

"மொத ரெண்டு நாளு வலிக்கும் தம்பி. அப்புறம் வாடையே தெரியாது."

வாடை தெரியாமல் போவது மூக்கு பழகிப்போவதால். காற்றில் இருக்கும் ஆவி அப்படியேதான் இருக்கிறது. அந்த ஆவியின் பெயர் ஸ்டைரீன். ரெசினைக் கையால் பூசும் பதத்துக்கு நீர்க்க வைப்பதும் அதுதான், பிறகு கெட்டியாகும்போது ரெசினின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கோத்துப் பிடிப்பதும் அதுதான். அதன் தீப்பற்று வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ். தொழிற்சாலைகளில் ஃபிளாஷ் பாயிண்ட் என்பார்கள். நம் உடம்புச் சூடே 37. வைகாசி மதியம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே 31க்குக் குறைவாக இருக்க வழியே இல்லை.

இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கணினி செய்யும் வேலையின் அடிப்படை இதற்குள்ளேயே இருக்கிறது. திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் ஆவி மிகக் குறைவாக இருந்தால் தீக்குச்சி காட்டினாலும் பற்றாது. ஸ்டைரீனுக்கு அந்தக் கீழ் எல்லை சுமார் 1 சதவீதம். திரவம் சூடாக ஆக ஆவியழுத்தம் ஏறும். 20 டிகிரியில் ஸ்டைரீன் திரவத்தை ஒட்டிய காற்றில் சேரக்கூடிய ஆவி 0.7 சதவீதத்துக்குள் நின்றுவிடும். 31 டிகிரியை எட்டும்போது 1 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதுதான் தீப்பற்று வெப்பநிலை. ஆக, ஒரு பொருளின் ஆவியழுத்தமும் எரியும் எல்லையும் கணக்கில் கிடைத்தால், யாரும் தீ வைத்துச் சோதிக்காமலேயே அது எத்தனை டிகிரியில் பற்றும் என்று சொல்லிவிடலாம். பொருளே இன்னும் தயாராகாத நிலையிலும் சொல்லலாம்.

1 சதவீதம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் 10,000 பங்கு. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு ஸ்டைரீனுக்கு அனுமதிக்கும் உச்சம் 100 பங்கு. அங்குள்ள தொழில்சுகாதார வல்லுநர்களின் அமைப்பு பரிந்துரைப்பது அதிலும் குறைவு, 10 பங்கு. ஆக, தீப்பிடிக்கும் அளவை எட்டுவதற்கு மிகமிக முன்பே மூச்சுக்கான எல்லை தாண்டிப்போய்விடும். ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனம். மேலே எழும்பிப் போகாது, வள்ளத்தின் குழிக்குள் தண்ணீர் மாதிரி தேங்கும். கச்சான் காற்று நன்றாக வீசும் நாளில் வெளியே நிற்கும் எனக்கு லேசாகத்தான் வாடை வந்தது. உள்ளே குனிந்திருக்கும் அவருடைய மூக்கு அந்தத் தேக்கத்துக்குள் இருந்தது. 2018ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்ற 2ஏ பிரிவுக்கு மாற்றியது.

சரி, இதற்கு வழக்கமாகச் சொல்லும் தீர்வு என்ன? முகமூடி போடு, மின்விசிறி வை, கையுறை மாட்டு. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் ஆபத்தான பொருளை அங்கேயே வைத்துக்கொண்டு மனிதனைச் சுற்றி வேலி போடுவது. வியர்வையில் முகமூடி வழுக்கும், மின்சாரம் போகும், கையுறை கிழியும். கரைப்பானில் ஊறிய கையுறை சில சமயம் வெறும் கையைவிட மோசம்.

1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் ஒரு ரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். சைக்ளோஹெக்சேன் என்ற தீப்பிடிக்கும் திரவம் சூடாக டன் கணக்கில் ஒரே இடத்தில் இருந்தது, தற்காலிகமாக மாட்டிய குழாய் விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகுதான் டிரெவர் கிளெட்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் அந்தத் துறையையே திருப்பிப்போட்ட ஒரு எளிய எண்ணத்தை முன்வைத்தார். உன்னிடம் இல்லாத பொருள் கசியாது, ஆகவே ஆபத்தைக் கட்டுப்படுத்துவதற்கு முன்னால் அதை இல்லாமல் செய்ய முடியுமா என்று பார். இதை உள்ளார்ந்த பாதுகாப்பு என்கிறோம். பத்தே ஆண்டில் 1984 டிசம்பரில் போபால். அங்கே ஒரு தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. அதன் கொதிநிலை 39 டிகிரி. நம் ஊரில் கோடையில் கேட்டுப் பழகிய எண். அது பூச்சிக்கொல்லி செய்வதற்கான இடைப்பொருள் மட்டுமே. அதே பூச்சிக்கொல்லியை அது இல்லாமல் செய்யும் வழியும் வேதியியலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆலையின் வடிவம் தாளில் கோடுகளாக இருந்தபோதே அந்த 40 டன்னைக் கேள்வி கேட்டிருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆலைக்குப் பொருந்துவது பொருளுக்கும் பொருந்தும். புதிதாக ஒரு கரைப்பானோ பெயிண்டோ பசையோ செய்யப்போகிறோம் என்றால், அந்த மூலக்கூறு கணினித் திரையில் வெறும் எழுத்தாக இருக்கும்போதே, இது தீப்பிடிக்குமா, மூச்சில் போனால் என்ன ஆகும், தோலில் ஊறுமா, கடலில் கொட்டினால் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டுவிட வேண்டும். தொழிற்சாலை கட்டி, டப்பாவில் அடைத்து, ராமநாதபுரம் வரை வந்த பிறகு கேட்டால் பதில் கிடைக்கும், மாற்றத்தான் முடியாது.

கணினி இதை எப்படிச் செய்கிறது? குழந்தைகள் விளையாடும் கட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கரிம மூலக்கூறுகள் பெரும்பாலும் சில துண்டுகளால் ஆனவை. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில், ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் உள்ள மெத்திலீன், கீட்டோன் துண்டு, எஸ்டர் துண்டு, ஆல்கஹால் துண்டு. 12 வகைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு 8 இடங்களை நிரப்பினால், வரிசையைக் கணக்கில் எடுக்காமலேயே 75,582 சேர்க்கைகள். இதில் பாதிக்கு மேல் வேதியியல் விதிப்படி ஒட்டவே ஒட்டாது. மிச்சமிருப்பதை ஒவ்வொன்றாக ஆய்வகத்தில் செய்து பார்க்க எந்த நாட்டிலும் ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பங்கு எண் கொடுத்து, கூட்டிப் பார்த்து, பண்பை ஊகிக்கிறார்கள். தொகுதிப் பங்களிப்பு முறை என்று பெயர்.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 1987ல் ஜோபாக், ரீட் இருவரும் வெளியிட்ட முறைப்படி, கொதிநிலைக்கு 198.2 என்ற எண்ணில் தொடங்க வேண்டும். மெத்தில் துண்டுக்கு 23.58, கீட்டோன் துண்டுக்கு 76.75. அசிட்டோனில் இரண்டு மெத்திலும் ஒரு கீட்டோனும் உண்டு. கூட்டினால் 322 கெல்வின், அதாவது 49 டிகிரி செல்சியஸ். உண்மையான கொதிநிலை 56. ஏழு டிகிரி வித்தியாசம். மூன்று எண்ணைக் கூட்டி இவ்வளவு நெருங்குவது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு டிகிரியை மறந்துவிடக் கூடாது, பிறகு வருகிறேன்.

இனி அந்த அண்ணனின் மக்கில் உள்ள அசிட்டோனுக்கு மாற்று தேடுவோம். அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 20ஐ ஒட்டி. மீன் போடும் ஐஸ் பெட்டிக்குள் வைத்தாலும் அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலையில்தான் இருக்கும். கணினியிடம் ஏழு நிபந்தனைகளைச் சொல்கிறோம், அவற்றில் முக்கியமானவை: காயாத ரெசினைக் கரைக்க வேண்டும், தீப்பற்று வெப்பநிலை 60க்கு மேல் இருக்க வேண்டும், ஆவியாவது குறைய வேண்டும், நச்சு குறைய வேண்டும், கடல்நீரில் சீக்கிரம் சிதைய வேண்டும். இந்த வலையில் விழும் மூலக்கூறுகளில் ஒரு குடும்பம் இரண்டு எஸ்டர் துண்டுகள் கொண்டவை. டைமீத்தைல் சக்சினேட்டை எடுத்துக் கூட்டினால் கொதிநிலை 180 டிகிரி வருகிறது, உண்மையில் 200ஐ ஒட்டி. இதன் உறவுக்கார எஸ்டர்கள் இரண்டோடு கலந்து, டைபேசிக் எஸ்டர் என்ற பெயரில் இப்போதே விற்பனையில் இருக்கிறது. உலகத்தில் பல ஃபைபர் கூடங்களில் அசிட்டோனுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள். தீப்பற்று வெப்பநிலை சுமார் 100 டிகிரி.

எது எவ்வளவு ஆபத்து என்பதை ஒப்பிட மதிப்பெண் வேண்டும். பின்லாந்தில் அன்னா-மாரி ஹெய்க்கிலா 1999ல் உருவாக்கிய பாதுகாப்புக் குறியீட்டில், தீப்பற்று வெப்பநிலை 55க்கு மேல் இருந்தால் 1, 55 அல்லது அதற்குக் கீழே 2, 21க்குக் கீழே 3, பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்க் கொதிநிலையும் மிகத் தாழ்வாக இருந்தால் 4. எண் கூடினால் ஆபத்து கூடுதல். எஸ்டர் கலவைக்கு 1, ஸ்டைரீனுக்கு 2, அசிட்டோனுக்கு 3. உடல்நலத்துக்கும் இதேபோல மிமி ஹசீம், மார்க்கு ஹுர்மே இருவரும் 2010ல் ஒரு குறியீடு கொண்டுவந்தார்கள். ஆவியாகும் தன்மை, மூச்சுக்கான எல்லை, எந்த வடிவத்தில் கையாளப்படுகிறது என்பது போன்றவற்றுக்கு அதில் மதிப்பெண். மலேசியாவில் இயங்கும் ஆய்வுக் குழுக்கள் இந்தக் குறியீடுகளை மூலக்கூறு வடிவமைக்கும் கணக்குக்குள்ளேயே நுழைத்தன. முதலில் நன்றாகக் கரைக்கும் பொருளைக் கண்டுபிடி, பிறகு பாதுகாப்பைப் பார் என்ற பழைய வரிசை மாறி, இரண்டும் ஒரே சமயத்தில் என்று ஆனது. இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்களில் இது முக்கியமானது.

ஆனால் அந்தப் படிக்கட்டு மதிப்பெண்ணைக் கவனியுங்கள். 54 டிகிரிப் பொருளுக்கு 2, 56 டிகிரிப் பொருளுக்கு 1. இரண்டு டிகிரியில் ஆபத்து பாதியாகிவிடுமா? நம் கூட்டல் கணக்கே ஏழு டிகிரி, இருபது டிகிரி தப்புகிறது. கொதிநிலையில் பிழை இருந்தால் அதிலிருந்து ஊகிக்கும் தீப்பற்று வெப்பநிலைக்கும் அது தொற்றும். அதனால்தான் 1965ல் லோட்ஃபி சடே தொடங்கிவைத்த ஃபஸி கணக்கை இங்கே கொண்டுவந்தார்கள். ஆம், இல்லை என்று வெட்டாமல், எந்த அளவுக்கு ஆம் என்று பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு எண்ணைக் கொடுக்கும் முறை.

என் மனக்குறை வேறு இடத்தில். படிகள் எல்லாம் யாருடைய கொட்டகையை மனதில் வைத்து வெட்டப்பட்டவை? 20, 25 டிகிரி அறைக்கு 31 என்பது கொஞ்சம் இடைவெளி உள்ள எண். தடைக்காலத்துப் பாம்பனில் இடைவெளியே இல்லை. ஸ்டைரீனுக்கு அங்கே 2 சரியாக இருக்கலாம், இங்கே அது 3. குறியீடு பொய் சொல்லவில்லை, நாம் அதில் நம் வெயிலைப் போடவில்லை. வேலை நடக்கும் வெப்பநிலையை ஒரு உள்ளீடாகக் கேட்பது ஒரு நிரலாளருக்கு ஒரு வரி வேலை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு, ஜூன் 14 வரை படகு கரையில் கிடக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நச்சுத்தன்மைக்கு வந்தால் கூட்டல் கணக்கு இன்னும் தள்ளாடும். இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஹெக்சேன் என்ற கரைப்பான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வண்டி மெக்கானிக்குகள் பிரேக் கழுவும் ஸ்ப்ரேயைப் பயன்படுத்துவார்கள். குளோரின் கலந்த கரைப்பான்களுக்குக் கட்டுப்பாடு வந்ததும், தயாரிப்பாளர்கள் ஹெக்சேனுக்கு மாறினார்கள். சில மெக்கானிக்குகளுக்குக் கை கால் மரத்துப்போகத் தொடங்கியது. நரம்பு பாதிப்பு. 1960களிலேயே ஜப்பானில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் பசையில் இருந்த ஹெக்சேனால் இதே மாதிரி நடக்க முடியாமல் போயிருந்தார்கள். தெரிந்த விஷயம்தான், ஆனால் மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுத்த கணக்கில் அது இல்லை.

விஷத்தை அளக்கும் பழைய வழி, எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு. வாய்வழி கொடுத்தால் ஹெக்சேனுக்கு அது எடையில் கிலோவுக்கு 25 கிராம் அளவில், அசிட்டோனுக்கு 6 கிராமுக்குள். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஹெக்சேன் நான்கு மடங்கு நல்லது என்று கணினி எழுதிவிடும். உடம்புக்குள் போன ஹெக்சேனை ஈரல் ஆக்சிஜன் சேர்த்து மாற்றுகிறது. அதன் இரண்டாவது, ஐந்தாவது கார்பன்களில் கீட்டோன் ஏறி, 2,5-ஹெக்சேன்டையோன் உருவாகிறது. அந்த இரண்டு கீட்டோன்களுக்கு நடுவே உள்ள இடைவெளி நரம்பின் புரதத்தைப் பிடித்து முறுக்கச் சரியான அளவு. ஒரே ஒரு மெத்திலீன் துண்டு கூடினால் அது ஹெப்டேன். கரைக்கும் குணத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஹெப்டேனில் அந்த நரம்பு விஷம் அவ்வளவாக உருவாவதில்லை. அமெரிக்க வல்லுநர் அமைப்பின் மூச்சு எல்லையில் ஹெக்சேனுக்கு 50, ஹெப்டேனுக்கு 400. ஒரு கட்டை கூடியதில் எட்டு மடங்கு வித்தியாசம், அதுவும் நல்ல திசையில். எந்தக் கூட்டல் கணக்கு இதைச் சொல்லும்? இன்னொன்று, அசிட்டோன் கூட இருந்தால் ஹெக்சேனின் நரம்பு பாதிப்பு கூடுகிறது. அந்த ஸ்ப்ரேக்களில் சிலவற்றில் இரண்டும் இருந்தன. தனித்தனிப் பொருளுக்கு மதிப்பெண் போடும் முறையில் கலவைக்கு இடமே இல்லை.

இதனால்தான் இப்போது வெறும் துண்டுகளைக் கூட்டாமல், உடம்புக்குள் என்னவாக மாறும் என்பதையும் ஊகிக்கும் மென்பொருள்கள், நச்சுக்குக் காரணமான அமைப்புகளைத் தேடிப் பிடித்து எச்சரிக்கும் விதிகள், ஆயிரக்கணக்கான பழைய சோதனை முடிவுகளைப் படித்துக் கற்றுக்கொள்ளும் கணினி மாதிரிகள் எல்லாம் வந்திருக்கின்றன. அவற்றிலும் நான் முதலில் தேடுவது, இந்த மூலக்கூறு நான் படித்தவற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று மாதிரியே சொல்கிறதா என்பதைத்தான். தூரத்தில் இருந்தால் அது தரும் எண்ணுக்கு மதிப்புக் குறைவு. இதைச் சொல்லாத மென்பொருளை நான் நம்பமாட்டேன்.

கொட்டகையிலிருந்து கடல் இருபது அடி. பிரஷ் கழுவிய தண்ணீர், மக்கின் அடியில் மிச்சம் எல்லாம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்கள் இருக்கும் கடல் இது. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989ல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், பவளப் பாறை, கடற்புல், அதை மேய்கிற ஆவுளியா என்ற கடல்பசு. வடபக்கம் பாக் விரிகுடா பல இடங்களில் பத்து மீட்டர் ஆழம்கூடக் கிடையாது.

கடலில் ஒரு பொருள் எங்கே சேரும் என்பதை ஊகிக்க ஒரு எண் இருக்கிறது. மீன் குழம்பு கொதித்து இறக்கியதும் மேலே எண்ணெய் மிதக்கும். மிளகாயின் சிவப்பு அந்த எண்ணெயில்தான் ஏறி நிற்கும், புளித் தண்ணீரில் நிற்காது. அதேபோல ஒரு பொருளை ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற ஆல்கஹாலும் தண்ணீரும் உள்ள குடுவையில் போட்டுக் குலுக்கினால், எதில் எவ்வளவு சேர்கிறது? அந்த விகிதத்தின் மடக்கை எண்தான் அது. அசிட்டோனுக்கு பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே, அது தண்ணீர் விரும்பி. ஸ்டைரீனுக்கு ஏறக்குறைய 3, அதாவது எண்ணெயில் ஆயிரம் மடங்கு. டிடிடி பூச்சிக்கொல்லிக்கு 6க்கு மேல், பத்து லட்சம் மடங்கு. எண்ணெயில் ஏறுவது மீனின் கொழுப்பிலும் ஏறும், அந்த மீனைத் தின்னும் உயிரிலும் ஏறும். இந்த எண்ணையும் துண்டுகளைக் கூட்டி ஓரளவு நன்றாகவே ஊகிக்க முடிகிறது.

ஆனாலும் படகின் அடிப்பூச்சு கற்றுக்கொடுத்த பாடம் பெரியது. தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் பாசியும் கொட்டலசும் பிடித்தால் வேகம் குறையும், டீசல் கூடும். அதைத் தடுக்க உலகம் முழுவதும் டிரைபியூட்டைல்டின் என்ற தகரச் சேர்மத்தைப் பெயிண்டில் கலந்தார்கள். அபாரமாக வேலை செய்தது. பிறகு பிரான்சின் அர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்தது. ஓடுகள் கோணலாகத் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. பிரான்ஸ் 1982ல் சிறு படகுகளில் அதைத் தடை செய்தது. இங்கிலாந்துக் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளரத் தொடங்கியிருந்தது. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு நானோகிராம் அளவே போதுமாக இருந்தது. சர்வதேச உடன்படிக்கை 2001ல் கையெழுத்தாகி, 2008ல்தான் நடைமுறைக்கு வந்தது. எண்ணெய்-தண்ணீர் விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் டிரைபியூட்டைல்டின் பெரிய குற்றவாளியாகத் தெரிந்திருக்காது. அது நத்தையின் செல்லுக்குள் ஒரு ஹார்மோன் பூட்டில் சாவி மாதிரி பொருந்தியதுதான் பிரச்சினை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குளித்தெடுக்கும் சங்கும் ஒரு நத்தைதான். அதனால் இது எனக்குத் தூர தேசத்துக் கதையாகப் படவில்லை.

மாற்றாக வந்தவற்றில் ஒன்று டிகாயிட் என்ற பொருள். கடல்நீரில் அதன் பாதி அழிய சுமார் ஒரு நாள், டிரைபியூட்டைல்டினுக்கு ஒன்பது நாள். வண்டலில் இதற்கு ஒரு மணி நேரம், அதற்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம். 1996ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் பரிசு இந்தப் பூச்சுக்குக் கிடைத்தது. நியாயமான பரிசு. ஆனால் அதே டிகாயிட் தோலில் பட்டால் கடுமையாக எரிக்கும், சிலருக்கு வாழ்நாள் ஒவ்வாமையைக் கொண்டுவரும். கடலுக்கு நல்ல மதிப்பெண், கைக்கு மோசமான மதிப்பெண். பெயிண்ட்டைச் சுரண்டுகிறவரும் அடிக்கிறவரும் வெறுங்கையோடு இருக்கும் ஊரில் இதை எப்படித் தீர்ப்பது?

கணக்கில் இரண்டு வழி உண்டு. எல்லா மதிப்பெண்ணையும் கூட்டி மொத்தம் பார்ப்பது ஒன்று. கடலில் எடுத்த நல்ல மதிப்பெண் கையில் எடுத்த மோசமானதை மறைத்துவிடும். இன்னொன்று 1978ல் ஹான்ஸ்-யூர்கன் சிம்மர்மன் ஃபஸி கணக்கைக் கொண்டு காட்டிய வழி. ஒவ்வொரு பொருளிலும் எது மிகக் குறைவாக நிறைவேறுகிறதோ அதை மட்டும் பார், அந்த மிகக் குறைந்தது எந்தப் பொருளில் அதிகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடு. ஐந்து பாடத்தில் நான்கில் நூறு வாங்கி ஒன்றில் தோற்ற பிள்ளை இதில் தேறாது. நான் இந்த இரண்டாவது பக்கம்தான். கடலைக் காப்பாற்றியதற்கு விலையாக ஒருவருடைய விரல்களைக் கொடுக்க, அவரைக் கேட்காமல், யாருக்கும் உரிமை இல்லை.

எஸ்டர் கலவையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அதன் ஆவியில் நீண்ட நாள் வைக்கப்பட்ட எலிகளுக்கு மூக்கினுள் மோப்பத் திசு பாதிக்கப்பட்டது. கண்ணில் பட்டால் உறுத்தும். மெதுவாக ஆவியாவதால் தோலில் அதிக நேரம் நிற்கும். ஆனால் ஆவி மிகக் குறைவு, தீ பயம் அநேகமாக இல்லை, கடலில் சிதையும். மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்தாலும் அசிட்டோனைத் தாண்டுகிறது. ரெசினில் உள்ள ஸ்டைரீனுக்கு இவ்வளவு எளிய மாற்று இல்லை. கொஞ்சம் மெழுகு கலந்த ரெசின்கள் உண்டு, பூசியதும் மெழுகு மேலே படர்ந்து ஆவியை அமுக்கும். ஆனால் அடுத்த அடுக்கு ஒட்டும் பலம் குறையலாம். கடலில் அலை அடிக்கும் வள்ளத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் தாளில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கொட்டகைக்குப் போனேன். நிபந்தனைகள் ஏழு எழுதியிருந்தேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். தீப்பிடிக்காது என்றதும் தலையை ஆட்டினார். ரெண்டு வருசம் முன்னால் பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் பொறி விழுந்து மக்கு பற்றிக்கொண்டதைச் சொன்னார். அப்புறம் கேட்டார்:

"பிரஷ்ஷக் கழுவுனா எம்புட்டு நேரத்துல காயும் தம்பி?"

அசிட்டோன் ஒரு உதறலில் பறந்துவிடும். அடுத்த கலவை பத்து நிமிடத்தில் தயார், பிரஷ் அதற்குள் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அது ரெசினில் கலந்து, அந்த இடம் பிசுபிசுவென்று கெட்டியாகாமல் நிற்கும். படகு ஒழுகும், கூலி போகும். அசிட்டோனை ஆபத்தாக்குவது எதுவோ அதுவேதான் அவருக்கு உபயோகம். வேகமாக ஆவியாவதைக் குறைக்கச் சொன்ன என் நிபந்தனை, அவருடைய வேலையின் நிபந்தனையோடு நேராக முட்டுகிறது. ஏழு வரியில் ஒன்றிலும் இது இல்லை.

எஸ்டரில் கழுவிய பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போகும், ஆனால் அதற்கு இரண்டு பிரஷ் மாற்றி மாற்றி வேண்டும். ஒன்று காயும்போது ஒன்று ஓடும். அந்தச் சோப்புத் தண்ணீரும் கடலுக்குப் போகாமல் ஒரு டிரம்மில் சேர வேண்டும். பிரஷ் விலை எவ்வளவு என்று அவரிடம் கேட்டு, தாளின் அடியில் எட்டாவது வரியாகக் காயும் நேரத்தை எழுதிக்கொண்டேன்.